கடைத்தெருவுக்கு வராத பாட்டு

சினிமாப் பாட்டின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. பல வருடங்களாக எனக்குச் சோறு போட்டதே அதுதான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஏனென்றால் நேற்று நீங்கள் என்னைக் கேட்ட முதல் கேள்வியே, "ஏன்யா, ஊரே கேக்குற பாட்டு ஒனக்கு மட்டும் ஆவாதா?" என்பதுதான்.

உங்கள் ரைட்டர் எழுதிக் காட்டிய வாக்குமூலத்தைப் படித்தேன். தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் "மேற்படி நான்", "மேற்படி கிணற்றில்", "மேற்படி பெண்" என்று போகிறது. ஆடு திருடியவன், அண்ணனை வெட்டியவன், நான் எல்லோருமே அவர் கையில் ஒரே குரலில்தான் பேசுவோம் போலிருக்கிறது. ஒரே மெட்டை வைத்துக்கொண்டு விடிய விடியக் கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழுக்களை நினைவுபடுத்தியது. அதனால்தான் என் கையால் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். தாளும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. டீயைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

என் பெயர் உத்திராபதி. எறையூர்ப் பக்கம் பரம்பரை நிலம் கொஞ்சம் இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரியலூரில் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் இருக்கும் "நாதம் ஒலிப்பதிவகம்" என்னுடையது. வெறும் கேசட்டையும் பாட்டு எழுதிய சீட்டையும் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவேன். சிமெண்டு ஆலைக்காரர் கேட்கும் பாட்டைத்தான் செந்துறை பஸ் கண்டக்டரும் கேட்பார். கண்டக்டர் கேட்டதைத்தான் தாசில்தார் வீட்டு அம்மாவும் கேட்பார். சீட்டில் கையெழுத்து மட்டும் மாறும். காதலில் தோற்ற பையன்கள் தனியாக வருவார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி நேர்ந்ததில்லை என்ற முகத்தோடு, "அண்ணே, சோகமா போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள். நேற்றுத் தோற்றவனுக்குப் பதிந்ததையே இன்று தோற்றவனுக்கும் பதிந்து கொடுப்பேன். இது என்னுடைய சோகம் இல்லை என்று ஒருவனும் இதுவரை திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

இந்த நிலையில்தான் வேம்பு சார் என் கடைக்கு வந்தார். மெட்ராசிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் ஆபீசர். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "சினிமா இல்லாம என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பக்திப் பாட்டு வரிசையைக் காட்டினேன். சிரித்தார். "இதுவும் சினிமாதான் உத்திராபதி. நெத்தியில பட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு" என்றார். அதுவரை எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் சொல்வதற்கு ஒருவர் மெட்ராசிலிருந்து வரவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவருடைய மாடி அறைக்குப் போக ஆரம்பித்தேன். அவரிடம் எங்கெங்கிருந்தோ வந்த டேப்புகள் இருந்தன. பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டுகிறவர்கள் பாடுவது, ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலையூரில் கிழவிகள் கூடி அழுவது. கண்ணை மூடிக் கேட்போம். அவருக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. டீக்கடையில் ஒருமுறை ஒலித்துவிட்டால் அந்தப் பாட்டு செத்துவிட்டது. கடைத்தெருவுக்கு வராத பாட்டுதான் பாட்டு. "இந்தப் பக்கத்து மண்ணுலயே இருக்கும் உத்திராபதி. தேடற காது வேணும்" என்றார். எனக்குக் காது உண்டு. படிப்பும் பணமும் ஆளாளுக்குக் கூடும் குறையும். காது என்று வந்தால் இந்த ஜில்லாவில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது தேவைப்படும்.

தேடினேன். நேஷனல் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்தேன். எறையூரில் கரும்பு வெட்டுகிறவர்களின் பாட்டைக் கொண்டுபோனேன். வேம்பு சார் கேட்டுவிட்டு, "கடைசி அடியில சினிமா மெட்டு எட்டிப் பாக்குது" என்றார். உண்மைதான். ஆலைச் சங்கு ஊதும் இடத்தில் டீக்கடையும் இருக்கும் அல்லவா. ஓர் உடுக்கைக்காரரைப் பிடித்தேன். அவர் மைக்கைப் பார்த்ததும் ஊர்ப் பெரிய மனிதர்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லி வாழ்த்திவிட்டு, சாமி பெயரைச் சொல்ல மறந்துபோனார். வேம்பு சார் ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் டேப்பை நிறுத்துவார். அந்த மரியாதை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

பச்சையம்மாளை நான் முதலில் கேட்டது உடையார்பாளையத்தில், ஒரு முந்திரி வியாபாரியின் தாயார் இறந்த வீட்டில். துக்கம் கேட்கப் போயிருந்தேன். விக்கிரமங்கலம் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கூலிக்கு ஒப்பாரி பாட அவளை அழைத்து வந்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே, வெயிலில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் வரக்கூடாது, அவள் அழுகை மட்டும் உள்ளே வரலாம் என்ற ஏற்பாடு. அந்த அழுகை உள்ளே வந்தது. சொத்துப் பிரிவினையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மருமகள்கள் வாயை மூடினார்கள். இறந்துபோன அந்தக் கிழவியை ஒருநாளும் பார்த்திராத நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த சாவுக்கு ரெக்கார்டரோடு போனேன். அவள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. "இந்தப் பொட்டி இழுத்துப் புடிச்சிக்கிட்டா எனக்குத் தொண்ட கொறஞ்சிடாதே சார்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேசட்டை வேம்பு சார் கடைசிவரை கேட்டார். நான் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்.

"பிரமாதமான குரல். ஆனா இது அடுத்த வீட்டுச் சாவு, உத்திராபதி. அந்த அம்மா தெறமையா அழறாங்க. உப்பு கம்மி."

ஐயா, நீங்கள் என்னைக் காரணம் கேட்டீர்கள். இதற்குமேல் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அவர் சொன்னது சரி என்று என் காதுக்குத் தெரிந்தது. அதுதான் தொல்லை.

பச்சையம்மாளைத் தேடி அவள் குடியிருப்புக்கே போனேன். கடைக்கு வந்து, தன் தாய் தகப்பனை நினைத்து ஒருமுறை பாடித் தரும்படி கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"சாவில்லாத வூட்டுல ஒப்பாரி வச்சா சாவு வந்து எட்டிப் பாக்கும் சார். ஒங்க கட நல்லாருக்கணுமா வாணாமா?"

"அப்ப கூலிக்குப் பாடறப்பவாவது முழுசாப் பாடேன்" என்றேன்.

"அது எப்புடி சார்? எல்லாத்தையும் ஊரான் வூட்டுல கொட்டிட்டா நம்ம வூட்டுக்கு ஒரு நாள் வேணுமில்ல? கொஞ்சம் உள்ள வச்சிக்கிட்டுத்தான் பாடுவேன்."

உள்ளே வைத்திருக்கிறாள். அவள் வாயாலேயே சொன்னாள். உலகத்தில் ஒருவரும் கேட்டிராத ஒன்று, விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரை வீட்டில், கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியின் நெஞ்சில் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த நிலையில் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பாட்டில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

அவளுடைய புருஷன் வீரமுத்து அப்போதுதான் வெளியிலிருந்து வந்தான். கிணறு வெட்டுகிறவன். நல்ல உயரம், நல்ல சுபாவம். வருடக்கணக்காகப் பாறைக்கு வெடி வைத்து வைத்துக் காது கொஞ்சம் மந்தம். நாம் பேசும்போது வாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். பாடகிக்கு வாய்த்த புருஷனுக்குக் காது மந்தம். இதில் உள்ள வேடிக்கையை ரசித்தவன் அந்தக் குடியிருப்பில் நான் ஒருவன்தான்.

என் நிலத்துக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை ஆலை வந்தபிறகு எறையூரைச் சுற்றிலும் எல்லோரும் கரும்பு போட்டார்கள். நானும் குத்தகைக்குக் கொடுத்துக் கரும்பு போடவைத்தேன். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஆழப்படுத்த வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீரமுத்து கிணறு வெட்டுகிறவன். அவனுக்கு வேலை கொடுத்தேன். இதில் நீங்கள் தேடும் எதுவும் இல்லை. கோடை தொடங்கியதும் புருஷனும் பெண்டாட்டியும் வந்து கிணற்றுமேட்டில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். கூட்டாளியாக அய்யாக்கண்ணு வந்தான். உங்களிடம் புகார் கொடுத்திருப்பவன் அவன்தான்.

சம்பவம் நடந்த அன்று காலையிலேயே நான் அங்கே போய்விட்டேன். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். வீரமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். புங்கமரத்தடியில் நான் உட்காரக் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்து போட்டான். ரெக்கார்டருக்குப் புதுப் பேட்டரி போட்டிருந்தேன். காற்று இரையாமல் இருக்க மைக்கைச் சுற்றி வேட்டித் துணி கட்டியிருந்தேன். புதுக் கேசட்டுகளும் நிறையவே கொண்டுபோயிருந்தேன். வெடிக்கு ஒரு பக்கம்கூடத் தேவையில்லை, பிறகு எதற்கு அத்தனை என்று நேற்று கேட்டீர்கள். அப்போது பதில் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

பச்சையம்மாள் கருவாடு வாங்க ஆலைப் பக்கம் போயிருந்தாள். அய்யாக்கண்ணு வண்டிப் பாதையில் போகிறவர்களை நிறுத்துவதற்காகச் சிவப்புத் துணியோடு தூரத்தில் நின்றான். வீரமுத்து பாறையில் நான்கு குழி போட்டுத் தோட்டாவை இறக்கி, திரியைப் பற்றவைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்து ஏறி ஓடிவந்து, என் கட்டிலுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் வெடி வெடித்தது. கல் சிதறிச் சரிந்து ஓய்வதற்குள் இரண்டாவது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மூன்றாவது. பிறகு கிணற்றிலிருந்து புகை எழுந்தது. மண் உதிரும் சத்தம். கரும்புக் காட்டுக்குள்ளிருந்து ஒரு மைனா கத்தியது. அதுவும் கேசட்டில் சுத்தமாக விழுந்திருக்கிறது. அந்த மைனாவுக்கு முன்னும் பின்னும் வேறு எதுவும் இல்லை.

வீரமுத்து காதிலிருந்து கையை எடுத்தான்.

"சார், நாலும் கேட்டிச்சா? எனக்கு ரெண்டு சேந்து வெடிச்ச மாரி இருந்திச்சு. சந்தேகமின்னா சொல்லிடுங்க, நாளைக்குத்தான் எறங்குவேன்."

"நாலு" என்றேன்.

"நாலுதானே?"

"நாலு வீரமுத்து."

அய்யாக்கண்ணு பாதையிலிருந்து வந்தான். அவனுக்கும் சந்தேகம். "எனக்கு மூணு மாரில்ல இருந்திச்சு?" என்றான். அதற்கு வீரமுத்துதான் பதில் சொன்னான்.

"சாரே கேட்டுருக்காருடா. அவரு காது என்ன, ஒங் காது என்ன. நாலாம்."

ஐயா, என் காதை அவ்வளவு முழுமையாக நம்பியவர்கள் என் வாழ்க்கையில் இரண்டு பேர். ஒருவர் வேம்பு சார். அவராவது குறை சொல்வார்.

புகை அடங்கியதும் வீரமுத்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினான். கயிற்றில் கால் வைத்தவன் நின்று, "நம்ம வெடி கேசட்டுல ஏறிடுச்சா சார்?" என்று கேட்டான். ஏறிவிட்டது என்றேன். "சாயங்காலம் பச்சையம்மாளுக்குப் போட்டுக் காட்டுங்க. எப்பப் பாத்தாலும் அவ சத்தத்தத்தான் புடிக்கிறீங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் இறங்கினான். அதோடு ரெக்கார்டரை நிறுத்திவிட்டேன். அடுத்து வரப்போகிற சத்தத்தை எடுக்கக்கூடாது என்று தோன்றியது. அதனால்தான் நான்காவது வெடி அந்தக் கேசட்டில் இல்லை. என்னை மனசில்லாதவன் என்று அய்யாக்கண்ணு சொல்லியிருப்பதாக அறிந்தேன். இதை அவன் கவனிக்கவேண்டும்.

வெடிக்காமல் நின்ற குழியில் கடப்பாரை பட்டது. மற்றதை அப்போது விசாரித்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். விபத்து என்று எழுதினார்கள். என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பச்சையம்மாள் பாதையிலேயே சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அதற்குள் அய்யாக்கண்ணுவும் கரும்புக் காட்டில் இருந்தவர்களும் வீரமுத்துவை மேலே ஏற்றிப் புங்கமரத்தடியில், என் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவன் முகத்தில் இருந்த கல்தூளை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் மைக்கில் கட்டியிருந்த துணியைச் சரி செய்தேன். பிறகு அவள் தொடங்கினாள்.

*கல்லொடைக்க எறங்குன சாமி*
*கட்டையா ஏறி வந்ததென்ன*
*ஊத்துக் கண்ணு தெறக்கு முன்ன*
*எங் கண்ணத் தெறந்து விட்டதென்ன*

எழுதினால் இவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை. கூலிக்குப் பாடும்போது ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரலை அழகாக இறக்கி வைப்பாள். அன்று இறக்கவே இல்லை. அடி முடிந்தபிறகும் குரல் போய்க்கொண்டே இருந்தது, போன இடத்தில் அவளுக்கே அடையாளம் தெரியாத மாதிரி. நடுவில் பாட்டு நின்றுபோய், அவன் மந்தக் காதுக்குக் கேட்கவேண்டும் என்று அவன் பேரை மட்டும் உரக்கக் கூப்பிட்டாள். எப்போதும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவாளாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேம்பு சார் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

அய்யாக்கண்ணு என் அருகில் வந்தான். "சார்... இப்ப வாணாம் சார். அத நிறுத்துங்க" என்றான்.

"ஒண்ணுமில்ல அய்யாக்கண்ணு. ஒரு ஞாபகத்துக்கு" என்றேன்.

வேன் பிடித்து உடலை விக்கிரமங்கலத்துக்கு அனுப்பியது நான்தான். நானும் கூடவே போனேன். வழியெல்லாம் அவள் பாடினாள். கேசட்டுகள் சரியாகப் போதுமானவையாக இருந்தன. காரியம் முடியும்வரை வேண்டிய அரிசி, பருப்பு எல்லாம் என் பொறுப்பு. பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க இல்லன்னா அவரு தெருவுல கெடந்திருப்பாரு சார்" என்றாள். நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களோடு வாதம் செய்வது முறையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேம்பு சாருக்குப் போட்டுக் காட்டினேன். நான் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. அதெல்லாம் வியாபாரிகள் வேலை. வெடியிலிருந்து தொடங்கி, மைனா, வீரமுத்து கேட்டது, நான் சொன்னது, அப்புறம் பாட்டு என்று நடந்த வரிசையிலேயே இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான்" என்றார். பிறகு எழுந்து, டேப்பை முதலுக்குத் திருப்பி, வெடிகளை மட்டும் இன்னொருமுறை போட்டுக் கேட்டார். என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைவிட நல்ல காது. காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். படியில் இறங்கும்போது, "அடுத்த வாரம் என்ன?" என்றார்.

அடுத்த வாரம் என்ன. ஒரு மனிதனுடைய உயிர், ஒரு பெண்ணின் தாலி, என்னுடைய மனநிம்மதி, இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் காணும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ரசிகர்களை நம்பி யாரும் எதிலும் இறங்கக்கூடாது, ஐயா.

பச்சையம்மாள் அதற்குப்பிறகு எந்தச் சாவுக்கும் பாடப் போகவில்லை. சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனாள். ஒருவிதத்தில் எனக்கு அது நிறைவாகத்தான் இருந்தது. அந்தக் குரலின் உச்சம் என் அலமாரியில் இருந்தது. அதற்குப்பிறகு எதுவும் அதைக் கெடுக்கவில்லை. எவனும் அவளை மேடையேற்றிப் பட்டுப்புடவை கட்டிப் பாடவைக்கவில்லை. அவளைக் கடைத்தெருவிலிருந்து காப்பாற்றினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேம்பு சாருக்கு வடக்கே மாற்றலாயிற்று. போவதற்கு முன், நான் கொடுத்த பிரதியை நண்பர்களுக்குப் படி எடுக்க வேண்டும் என்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கேசட் கடை வைத்திருக்கும் ராசாங்கத்திடம் கொடுத்திருக்கிறார். என்னிடம் கொடுத்திருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். ராசாங்கம் தனக்கும் ஒரு படி எடுத்துக்கொண்டான். அழுகிற சினிமா நடிகை ஒருத்தியின் படத்தை அட்டையில் ஒட்டி, "கண்ணீர்க் கிணறு, உண்மைச் சம்பவம்" என்று அச்சடித்து விற்றான். அமோகமாக விற்றது. உடையார்பாளையம் பஸ்ஸில் டிரைவர் போட்டார். சலூனில் போட்டார்கள். டீக்கடையில் போட்டார்கள். எவனாவது வெட்டி ஒட்டினானா என்றால் அதுவும் இல்லை. வெடிச் சத்தத்தோடுதான் ஜனங்களுக்குப் பிடித்ததாம். வீரமுத்து இறந்த அன்றுகூட நான் இரண்டு வேளை சாப்பிட்டேன். பெரம்பலூர் டீக்கடையில் அந்தக் குரலைக் கேட்ட அன்று ஒரு வாய் இறங்கவில்லை.

அதே டீக்கடையில்தான் அய்யாக்கண்ணுவும் கேட்டிருக்கிறான். மூன்று வெடி. கூட்டாளியின் குரல். என் பதில். கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டான் என்று கடைக்காரர் சொன்னார். மறுபடி போடச் சொல்லி விரலை மடக்கி எண்ணியிருக்கிறான்.

இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். பட்டப்பகல், கடையில் ஆட்கள் இருந்தார்கள். பச்சையம்மாள் கல்லுடைத்த தூசியோடு அப்படியே வந்திருந்தாள். "அந்தக் கேசட்டப் போடுங்க சார்" என்றாள். ராசாங்கத்தின் படியில் இரைச்சல் அதிகம். என்னிடம் இருந்த மூலத்தையே போட்டேன். வெடிகள் வந்தன. மைனா கத்தியது. "சார், நாலும் கேட்டிச்சா?" என்று வீரமுத்து கேட்டான். அவள் பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

"அந்த எடத்த மறுக்கா போடுங்க."

போட்டேன். தன் பாட்டு வரைக்கும் டேப்பை அவள் ஓடவே விடவில்லை. அவன் குரல் முடிந்ததும் மறுக்கா, மறுக்கா என்றாள். பதிவின் தரம் அவளைக் கவர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எண்ணத் தெரியாதா சார் ஒங்களுக்கு?"

அய்யாக்கண்ணு என் சட்டையைப் பிடிக்க வந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நான் எத்தினியோ சாவுல பாடியிருக்கேன். சாதி பாத்ததில்ல. நல்லவன் கெட்டவன் பாத்ததில்ல. கூப்புட்டா போவேன். அதயும் வுட்டுட்டேன். ஆனா ஒண்ணு சார். நீங்க செத்தா ஒங்களுக்கு யாரும் அழுவ மாட்டாங்க. நானும் அழுவ மாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு போய்விட்டார்கள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறார்கள்.

நேற்று நீங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். எழுதிவிடுகிறேன். நான் வெடி வைக்கவில்லை. யாரையும் கிணற்றில் தள்ளவில்லை. இறங்கு என்றுகூடச் சொல்லவில்லை. ஓர் எண்ணைச் சொன்னேன். மூன்றாவது வெடிக்கும் அவன் காதிலிருந்து கையை எடுத்ததற்கும் இடையில் எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தில் வேம்பு சார் சொன்ன உப்பு நினைவுக்கு வந்தது. நான்கு என்றால் அவன் இறங்குவான் என்று தெரியும். இறங்கினால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

பச்சையம்மாள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கோபத்தில் வந்த வார்த்தை. கலைஞர்களுக்குக் கோபம் வரும், போகும். எனக்கென்று முன்னும் யாருமில்லை, பின்னும் யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் என்னை என்ன செய்தாலும், என் உடலை எறையூருக்குக் கொண்டுவரும் அன்று அவள் வருவாள். அவளை முழுசாகக் கேட்டவன் நான் ஒருவன்தான் என்பது அவளுக்கும் தெரியாமலா இருக்கும். வந்து, உள்ளே மிச்சம் வைத்திருப்பதையெல்லாம் எடுத்துப் பாடுவாள். அன்றைக்கு அங்கே மைக் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார் என்பது ஒன்றுதான், ஐயா, எனக்கு மனக்குறை.